டிப்பருக்குப் பத்து நாள்

சாமான் ஏற்றிய லாரி செவ்வாய்க்கிழமை மத்தியானமே சொந்த ஊரான சிவகங்கைக்குக் கிளம்பிப் போய்விட்டது. குவார்ட்டர்ஸில் மிச்சம் இருந்தது ஒரு பாய், ஒரு பிளாஸ்டிக் குடம், சண்முகசுந்தரம், அவர் மனைவி கமலா, அப்புறம் டிப்பர்.

டிப்பர் அவர்கள் நாய். ஏழு வருஷத்துக்கு முன்னால் நிலக்கரி மைன்ஸில் ரிப்பேராகி நின்ற டிப்பர் லாரி ஒன்றின் அடியில் பிறந்தது. நாலு குட்டியில் அது ஒன்றுதான் பிழைத்தது. சண்முகசுந்தரம் ஷிஃப்ட் முடிந்து வரும்போது சாப்பாட்டுப் பைக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். கரித்தூசி ஒட்டியிருக்கிறது என்று நினைத்து கமலா அதை மூன்று தடவை சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினாள். அதன் நிறமே கறுப்பு என்று நாலாவது தடவைதான் அவளுக்குப் புரிந்தது.

சண்முகசுந்தரத்துக்கு முப்பத்துமூன்று வருஷம் கன்வேயர் பெல்ட்டில் வேலை. குழியிலிருந்து கரி ஏறி வரும் பெல்ட்டின் ஓரமாக, கையில் ஒரு கம்பியோடு கிலோமீட்டர் கணக்கில் நடப்பார். ஆயிரம் உருளை சுற்றும் சத்தத்தில், எந்த உருளை சிக்கிக்கொண்டது என்று காதாலேயே கண்டுபிடிப்பார். வீட்டில் பேசுவது குறைவு. கமலா நாலு கேள்வி கேட்டால் ஒன்றுக்குப் பதில் வரும். அது அவர் சுபாவம் என்று அவள் எப்போதோ விட்டுவிட்டாள்.

போன மாதம் ரிட்டயர் ஆனார். ஊருக்கு ரயிலில் போவதாகத்தான் இருந்தது. நாயை ரயில் கடைசியில் கார்டு இருக்கும் வண்டியில் ஓர் இரும்புப் பெட்டிக்குள் பூட்டித்தான் கொண்டுபோக முடியும் என்றார்கள். ஸ்டேஷனுக்குப் போய் அந்தப் பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவந்தவர், இதற்குள் ஒரு கோழியைக்கூட வைக்க மாட்டேன் என்றார். ஓசூரில் இருக்கும் மகன் அஸ்வின் போன் பண்ணி, பிளாக்கில் யாரிடமாவது விட்டுவிட்டு வாங்கப்பா என்றான். அவர் போனை கமலாவிடம் கொடுத்துவிட்டார்.

கடைசியில் ஜெயகணேஷ் வண்டி கிடைத்தது. ஜெயகணேஷுக்குப் பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்காட்டு ஊர். பெல்ட்டுக்கு அடியில் சிந்திய கரியை வாரிப்போடும் கான்ட்ராக்ட் வேலையில் சண்முகசுந்தரத்துக்குக் கீழே ஆறு வருஷம் இருந்தவன். வேலை இல்லாத நாளில் தன்னுடைய பழைய டவேராவை வாடகைக்கு ஓட்டுவான்.

புதன்கிழமை காலை ஆறு மணிக்கே வெயில் சுள்ளென்று இருந்தது. எட்டு மணி நேரப் பயணம், வெறும் வயிற்றோடு எப்படி ஏற்றுவது என்று கமலா டிப்பருக்கு ஒரு கிண்ணம் நிறையத் தயிர்சாதம் பிசைந்து வைத்தாள். அதுவும் வழித்துச் சாப்பிட்டது. நடு சீட்டில் பழைய போர்வையை விரித்து அதை நடுவில் உட்காரவைத்து இரண்டு ஜன்னலிலும் இவர்கள் உட்கார்ந்தார்கள். சண்முகசுந்தரம் அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டு மணிக்கட்டில் பட்டன் போட்டிருந்தார். ஊருக்குப் போகிறோம் என்று நல்ல சட்டை போட்டிருக்கிறார் என்று கமலா நினைத்துக்கொண்டாள்.

டவுன்ஷிப் ஆர்ச் கேட்டைத் தாண்டி கும்பகோணம் ரோட்டில் ஏறும்வரை டிப்பர் நிமிர்ந்து உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது. அதற்கப்புறம் தலையைத் தொங்கப்போட்டது. பெரிது பெரிதாகக் கொட்டாவி விட்டது. வடலூர் வருவதற்குள் வாயோரத்தில் நூல் நூலாக எச்சில் ஒழுக ஆரம்பித்துவிட்டது. கமலா துண்டால் துடைத்தாள். துடைக்கத் துடைக்க ஒழுகியது. உடம்பு விடாமல் நடுங்கிக்கொண்டிருந்தது.

"என்னங்க, இதப் பாருங்க" என்றாள்.

அவர் பார்த்தார். பார்த்துவிட்டுக் கதவோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டார். நாயின் தலைமேல் வைத்திருந்த கையை எடுத்து மடியில் வைத்து, அதன்மேல் மற்றக் கையை வைத்து மூடிக்கொண்டார். நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. கமலாவுக்கு அது வித்தியாசமாகப் பட்டது. டிப்பருக்குத் தும்மல் வந்தாலே தன் துண்டை எடுத்துப் போர்த்துகிற மனுஷர் அவர்.

வடலூர் தாண்டி ஒரு மைலில் டிப்பர் சாப்பிட்டது அத்தனையையும் வாந்தி எடுத்தது. சேத்தியாத்தோப்பில் வெள்ளாற்றுப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு புளியமரத்து நிழல் பார்த்து ஜெயகணேஷ் வண்டியை நிறுத்தினான். கமலா போர்வையை உதறி மடித்துவிட்டு, கிண்ணத்தைக் கழுவித் தண்ணீர் ஊற்றி வைத்தாள். டிப்பர் கிட்ட வந்து மோந்து பார்த்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு இரண்டு எட்டுப் பின்னால் போனது. கிண்ணத்தை அதன் முன்னால் நகர்த்திவைத்தாள். மறுபடியும் பின்னால் போனது.

ஜெயகணேஷ் இதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"சார், இதுக்கு ஊசி போட்டு இருக்கீங்களா?"

கமலாதான் பதில் சொன்னாள். போன மாதம்தான் போட்டது என்றாள். பால் பூத் பக்கத்தில் ஒரு செம்பட்டை நாய் போகிற வருகிறதையெல்லாம் கடித்துக்கொண்டிருந்தது, டிப்பருக்கும் காதில் ஒரு கடி, இரண்டு நாள் கழித்து அந்த நாய் சாக்கடையில் செத்துக் கிடந்தது, வெறி பிடித்ததென்று பிளாக்கே பேசிக்கொண்டது, தான் சொல்லி அன்றைக்கே இவர் டிப்பரைக் கூட்டிக்கொண்டு போய் ஊசி போட்டு வந்தார் என்று ஒன்று விடாமல் சொன்னாள்.

சண்முகசுந்தரம் மரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "போடல கமலா."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. அவர் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். அன்றைக்கு டாக்டர் லீவு. மறுநாள் வரச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டாள். போட்டாச்சு என்று வாயில் வந்துவிட்டது. அவள் அழுதுகொண்டிருந்தாளே என்றுதான் சொன்னது. மறுநாள் ஜெனரல் ஷிஃப்ட். அதற்கு மறுநாள் ரிட்டயர்மென்ட்டுக்கு நோ டியூஸ் சர்டிபிகேட் வாங்க ஆபீஸ் ஆபீஸாக அலைச்சல். காதுப் புண்ணும் ஆறிவிட்டது. அப்படியே போய்விட்டது.

ஜெயகணேஷ் தன்னையறியாமல் வண்டிக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டான். அங்கிருந்து அவன் சொன்னது பயமுறுத்த நினைத்துச் சொன்ன மாதிரி இல்லை. மனதில் கிடந்தது வெளியே வந்த மாதிரி இருந்தது.

"எங்க பெரியப்பா பையன் சிங்காரவேலுன்னு இருந்தான் சார். முந்திரி பொறுக்கும்போது ஒரு குட்டி நாயி கடிச்சிடுச்சி. குட்டிதானேன்னு யாராண்டயும் சொல்லல. ரெண்டு மாசம் நல்லாதான் வேலைக்குப் போய்கினு இருந்தான். ஒரு நாளு வூட்ல சோறு தின்னுகினு இருக்கும்போது சொம்பத் தூக்கினான், தூக்கினவன் கீழ போட்டுட்டான். தொண்டையப் புடிச்சிகினு ஒரே இழுப்பு. ஃபேன் காத்து கூட ஆவல. தண்ணி குடுங்க தண்ணி குடுங்கன்னு அவனே கேக்கறான், கொண்டாந்தா அலறிகினு சொவத்துல போய் முட்டிக்கறான். மூணே நாளு சார். எங்க பெரியம்மாவ கிட்ட வுடல. ஜன்னலாண்ட நின்னு பாத்துகினு இருந்தாங்க."

அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சண்முகசுந்தரம் மைல் கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார். மணிக்கட்டு பட்டனைக் கழற்றிச் சட்டைக் கையைச் சுருட்டினார். முழங்கைக்குக் கீழே நாலு பல் பதிந்திருந்தது. மூன்று காய்ந்துவிட்டது. ஒன்று ஆழம். மேலே அப்பியிருந்த மஞ்சள் பொருக்குத் தட்டிப்போயிருந்தது.

போன வியாழக்கிழமை கட்டிலைக் கழற்றும்போது நடந்தது. அந்தச் சத்தத்துக்குப் பயந்து டிப்பர் கட்டிலுக்கு அடியில் போய் ஒண்டிக்கொண்டது. கையை விட்டு இழுத்தார். கடித்துவிட்டது. கமலா அப்போது அதே பிளாக்கில் இருந்த மாணிக்கம்மாள் வீட்டுக்குச் சொல்லிக்கொள்ளப் போயிருந்தாள். சொன்னால் மகன் நாயை விட்டுவிட்டு வரச் சொல்வான். ஊசி போடாததும் வெளியே வரும். அதனால் சொல்லவில்லை.

கமலா கத்தவில்லை. வியாழன், வெள்ளி, சனி என்று விரலை மடக்கி எண்ணினாள். ஆறு நாள். ரோட்டில் கரும்பு லாரி ஒன்று போனது. அதன் காற்று மேலே பட்டபோது அவர் கண்ணை மூடுகிறாரா, தொண்டையைப் பிடிக்கிறாரா என்று பார்த்தாள். அவர் தூசிக்காகக் கண்ணை மூடினார். அப்போதுதான் தன் குதிகால் ஞாபகம் வந்தது. வெடித்து ரத்தம் கசியும் குதிகால். தினம் சாயங்காலம் அவள் காலை நீட்டி உட்கார்ந்தால் டிப்பர் வந்து நக்கும்.

"முதல்ல ஆஸ்பத்திரி" என்றாள். "அப்புறம் மாட்டாஸ்பத்திரி. ஏறுங்க."

சண்முகசுந்தரம் எழுந்திருக்கவில்லை. நாயை என்ன செய்வது என்று கேட்டார். ஜெயகணேஷ் அதை மறுபடியும் வண்டியில் ஏற்றுவதற்குத் தயங்கினான். அவன்மேல் தப்பும் இல்லை. கழுத்துக்குப் பின்னால் அந்த நாய் உட்கார்ந்திருக்க அவன் வண்டி ஓட்ட வேண்டும். மரத்தில் கட்டிவிட்டுப் போகலாமா என்று இழுத்தான். கமலா ஒரு நிமிஷம் அதையும் யோசித்தாள். அப்புறம் வேண்டாம் என்றாள். இது ஓடிப்போய்விட்டால் உயிரோடு இருக்கிறதா செத்ததா என்று தெரியாமலே இவர்கள் காலம் போக வேண்டும். துண்டை இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டு அவளே டிப்பரைத் தூக்கிப் பின் சீட்டில் போட்டு, கூட உட்கார்ந்தாள். அவரை முன்னால் உட்காரச் சொன்னாள். சங்கிலியை இழுத்துப் பிடித்த பிடியில் அவள் விரல் வெளுத்துப்போனது. டிப்பர் வழக்கம்போல் அவள் மடியில் தலையை வைக்க வந்தது. வேண்டாம்டா, வேண்டாம்டா என்று சொல்லிக்கொண்டே தள்ளித் தள்ளி விட்டாள். ஏழு வருஷத்தில் அவள் அதைத் தள்ளிவிட்டது அன்றைக்குத்தான்.

சேத்தியாத்தோப்பு அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவரைக் குழாயடியில் நிறுத்திக் கால் மணி நேரம் சோப்புப் போட்டுப் புண்ணைக் கழுவினாள். கழுவிக்கொண்டே திட்டினாள். மஞ்சளை யார் வைக்கச் சொன்னது, படித்தவர்தானே, கடித்த அன்றைக்கே வர வேண்டாமா என்றாள். கேட்டுவிட்டு, இப்போதாவது வந்தீர்களே என்றாள். குதிகால் விஷயத்தைச் சொன்னதும் கமலாவுக்கும் சேர்த்து ஊசி போட்டாள். இரண்டு சீட்டு எழுதிக் கொடுத்தாள்: மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள். புண்ணைச் சுற்றிப் போடுகிற இன்னொரு மருந்து இங்கே இருப்பில் இல்லை, சிதம்பரத்துக்குப் போய் இன்றைக்கே போட்டுவிட வேண்டும் என்றாள். ஊசி வேலை செய்யுமா என்று கமலா மூன்று தடவை கேட்டாள். செய்யும் என்றுதான் போடுகிறோம் என்றாள் நர்ஸ்.

மாட்டாஸ்பத்திரியில் சினை ஊசிக்கு வந்த பசுக்கள் வரிசையாக நின்றிருந்தன. டாக்டர் இசைப்பிரியா சின்னப் பெண். கையுறையோடு வந்தவள் விஷயத்தைக் கேட்டதும் கிட்டே வரவில்லை. டிப்பரை வேப்பமரத்தில் சங்கிலி போட்டுக் கட்டச் சொல்லிவிட்டு, எட்டி நின்று ரொம்ப நேரம் பார்த்தாள். பேர் சொல்லிக் கூப்பிடச் சொன்னாள். சண்முகசுந்தரம் கூப்பிட்டார். டிப்பர் வாலை ஆட்டியது. காலையில் என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டாள். தயிர்சாதம் என்றாள் கமலா.

"வண்டில ஏத்துறதுக்கு முன்னாடி வயிறு நிறையக் குடுத்தா வாந்திதாம்மா எடுக்கும். வாந்திக்கு முன்னாடி எச்சில் ஒழுகும், நடுங்கும், தண்ணி வேண்டாங்கும். எல்லாம் வண்டி ஒத்துக்காததாவும் இருக்கலாம்."

"இருக்கலாம்னா?"

"அது இல்லைன்னு இன்னைக்கு நான் எழுதிக் குடுக்க முடியாதும்மா. கடிச்சு ஆறு நாள். பத்து நாள் வரைக்கும் இது நல்லா இருந்துச்சுன்னா, கடிச்ச அன்னைக்கு அதோட எச்சில்ல விஷம் இல்லன்னு அர்த்தம். இன்னும் நாலு நாள். கண்ணுல வச்சுப் பாருங்க. ஊசிய மட்டும் நிறுத்திடாதீங்க."

டிப்பரை அங்கேயே விட்டுவிட்டுச் சிதம்பரம் போனார்கள். புண்ணைச் சுற்றி ஊசி இறங்கியபோது அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். திரும்பும்போது சாப்பாடு யாருக்கும் இறங்கவில்லை. வழியில் கமலா ஊருக்குப் போன் பண்ணினாள். போக வேண்டியது அவர் தம்பி வீடு. அங்கே இரண்டு சின்னப் பிள்ளைகள். வண்டி ரிப்பேர், வர நாலைந்து நாள் ஆகும் என்று சொல்லிவிட்டு வைத்தாள். எவ்வளவு சுலபமாகப் பொய் வருகிறது என்று அவளுக்கே ஒரு மாதிரி இருந்தது.

நாலு மணிக்கு மாட்டாஸ்பத்திரி வாசலில் இறங்கியபோது டிப்பர் எழுந்து நின்றது. எச்சில் இல்லை. பக்கத்தில் ஒரு அலுமினியச் சட்டியில் தண்ணீர் இருந்தது. இவர்களைப் பார்த்து வாலை ஆட்டிவிட்டு, சட்டியில் வாயை வைத்து அவசரமில்லாமல் சளப் சளப்பென்று குடித்தது. மூன்று பேரும் அசையாமல் நின்று பார்த்தார்கள். ஜெயகணேஷ்தான் முதலில் மூச்சு விட்டான்.

குவார்ட்டர்ஸ் சாவியைக் கொடுத்தாகிவிட்டது. நாயோடு லாட்ஜில் இடம் கொடுக்க மாட்டார்கள். எங்கே தங்குவது என்று இவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜெயகணேஷ் தலையைச் சொறிந்தான்.

"எங்க தோப்புல மோட்டார் கொட்டாய் இருக்குதுங்க. வூடு அங்கேர்ந்து தூரம், கொழந்த குட்டி யாரும் வர மாட்டாங்க. நாயிய பலா மரத்துல கட்டிக்கலாம். எனக்குப் பயம்தாங்க சார், இல்லன்னு சொல்லல. அதுக்குன்னு உங்கள ரோட்ல வுட்டுட்டா போவ முடியும்?"

நாலு நாள் அந்தக் கொட்டாயில் இருந்தார்கள். சுற்றிலும் முந்திரி மரம். தரையெல்லாம் சருகு, காலை வைத்தால் சத்தம். மோட்டார் ஓடாத நேரத்தில் தோப்பு அப்படியே அடங்கிக் கிடந்தது. ஜெயகணேஷ் மனைவி தூக்குச்சட்டியில் கூழும் கருவாட்டுக் குழம்பும் கொடுத்தனுப்பினாள். அவன் அதை வேலியோரம் வைத்துவிட்டுக் குரல் கொடுப்பான். டிப்பர் சாப்பிட்டதா, தண்ணீர் குடித்ததா என்று கேட்டுவிட்டுப் போவான்.

கமலா நாயைப் பார்த்தாள். அது படுத்தால் மூச்சு ஓடுகிறதா என்று பார்த்தாள். எழுந்தால் பின்னங்கால் தள்ளாடுகிறதா என்று பார்த்தாள். குரைத்தால், குரல் மாறியிருக்கிறதா என்று அவரைக் கேட்டாள். உருளைச் சத்தம் கேட்ட காது. அவர் உற்றுக் கேட்டுவிட்டு, இல்லை, அதே குரல்தான் என்பார். அந்த ஒரு வார்த்தையை நம்புவதா வேண்டாமா என்று அவள் ஒவ்வொரு தடவையும் யோசிக்க வேண்டியிருந்தது. அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் டிப்பர் கூழைத் தொடவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் வரை இரண்டு பேரும் மாறி மாறிப் போய்க் கிண்ணத்தைப் பார்த்தார்கள். ஆறு மணிக்கு அது கருவாட்டு முள்ளைத் தேடிக்கொண்டு வந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு துண்டால் துடைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை போய் இரண்டாவது ஊசி போட்டு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பத்தாம் நாள். அன்றைக்கு முழுக்க டிப்பர் சங்கிலி நீளத்துக்கு ஓடி ஓடி ஓணானைத் துரத்தியது. சாயங்காலம் டாக்டருக்குப் போன் பண்ணினார்கள். இவரைக் கடித்ததைப் பற்றி இனிப் பயமில்லை, காதில் கடி வாங்கியதால் டிப்பருக்குப் போட வேண்டிய ஊசியைத் திங்கட்கிழமை வழியிலேயே வந்து போட்டுக்கொண்டு போங்கள் என்றாள் இசைப்பிரியா. வாந்தி வராமலிருக்க அரை மாத்திரை ஒன்று எழுதிக் கொடுப்பதாகவும், காலையில் சோறு வைக்க வேண்டாம், ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கள், ஒன்றரை மணிக்கு ஒருதரம் இறக்கி நடக்கவிடுங்கள் என்றும் சொன்னாள்.

திங்கட்கிழமை கிளம்பினார்கள். ஊசியும் மாத்திரையும் ஆனபின் டிப்பர் போர்வையில் சுருண்டு தூங்கியது. கும்பகோணம் தாண்டும்வரை ஒரு சொட்டு எச்சில் இல்லை. அது மடியில் தலை வைத்தபோது கமலா தள்ளவில்லை.

தஞ்சாவூருக்கு முன்னால் நிறுத்தி நாயை நடக்க விட்டார்கள். ஜெயகணேஷ் டீக்கடைப் பக்கம் போயிருந்தான். சண்முகசுந்தரம் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தார். குடித்து முடித்ததும், கமலா அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டார்.

"இது கடிச்ச பிறகு அந்த ஆறு நாளும் ராத்திரி எந்திரிச்சுப் போய் ஒரு டம்ளர் குடிச்சுப் பார்ப்பேன் கமலா" என்றார். "இறங்குதான்னு. இறங்கினதும் வந்து படுத்துக்குவேன்."

முப்பது வருஷத்தில் கேட்காமலே அவர் சொன்னது அது ஒன்றுதான். அந்த இருட்டில் அவர் மட்டும் தனியாக டம்ளரோடு நிற்பதை நினைத்துப் பார்த்தாள். கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. தோப்பில் மோட்டார் குழாயடியில் தானும் அதையேதான் செய்தேன் என்று சொன்னாள். ஒரு நாளைக்கு நாலு தடவை.

டிப்பர் நடந்துவிட்டு வந்து வண்டிக் கதவருகே நின்றது. மாத்திரை மயக்கத்தில் தானாக ஏற முடியவில்லை. சண்முகசுந்தரம் குனிந்தார். தூக்கப் போன கை நாயின் வயிற்றுக்குச் சாண் தூரத்தில் நின்றுவிட்டது. டிப்பர் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது. கமலா அவசரப்படுத்தவில்லை; அவள் தூக்கவும் போகவில்லை. கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு அவர் கையை உள்ளே கொடுத்து நாயை வாரி எடுத்து சீட்டில் போட்டார்.

ஏறி உட்கார்ந்ததும், "புதன்கிழமை மூணாவது ஊசி" என்றார்.

"தெரியும். ரெண்டு பேரும் சேர்ந்தேதான் போறோம்" என்றாள் கமலா. "நீங்க போட்டுக்கிட்டு வந்து எங்கிட்டச் சொல்ல வேண்டாம்."

அவர் சரி என்று தலையாட்டினார். ஜெயகணேஷ் வந்து வண்டியை எடுத்தான்.